கூச்சமில்லாத குறடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் பசியாற உட்கார்ந்திருந்தோம். என் மகன் குமார் ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்து, "பிரிச்சுப் பாருங்கப்பா" என்றான். உள்ளே, மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றுகிற பிளையர். கைப்பிடியிலிருந்து மூக்கு வரைக்கும் கன்னங்கரேல் என்று, பளபளப்பு மருந்துக்கும் இல்லாமல், அடுப்புக்குள் கிடந்து எழுந்து வந்தது போல இருந்தது.

"நான்-கிளேர்ப்பா. வெயில்ல மின்னாது, மீன் மிரளாது. நியூ டெக்னாலஜி."

"இது நியூவா? இதை நாங்க அப்பவே கண்டுபிடிச்சாச்சு."

"நாங்கன்னா யாரு?"

"நான்தான்."

"அம்மா வேற மாதிரில்ல சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு அவன் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகள். நாற்பதைத் தாண்டினாலும் பிள்ளைகள்தான்.

எனக்கு முன்னால் தே-ஓ ஆவி பறந்துகொண்டிருந்தது. பால் விடாத தேத்தண்ணிக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். ஒரு கையில் அந்தக் கறுப்பு இரும்பு, மூக்கில் தே-ஓ வாசம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததும் மனசு தேக்காவை விட்டுக் கிளம்பிவிட்டது. எங்கே போயிருக்கும்? செம்பவாங்குக்குத்தான்.

என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குச் சுங்கை கடூட்டில் எனக்குச் சொந்தப் பட்டறை. சிங்கப்பூரில் ஏதாவது ஒரு கட்டடத்தில் எவர்சில்வர் கைப்பிடியைப் பிடித்து நீங்கள் படியேறியிருப்பீர்கள். அதில் உங்கள் முகம் தெரிந்து, மீசையை ஒதுக்கிக்கொள்ள முடிந்திருந்தால் அது என் பட்டறைச் சரக்கு. முகம் மங்கலாகத் தெரிந்திருந்தால் வேறு ஆள் செய்தது. தேக்காப் பக்கம் நகைக்கடை வாசல்களில் நான் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு காவலாளி என்னைச் சந்தேகப்பட்டு உள்ளே ஆள் கூப்பிட்டதும் நடந்திருக்கிறது. அவனுக்கு என்ன தெரியும், அந்தக் கதவின் பாதி அழகு நான் கொடுத்தது என்று.

இந்தத் தொழிலை நான் கற்றது செம்பவாங் கப்பல் பட்டறையில். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாலிஷ் பிரிவில் எனக்கு ஒரு துணிச்சக்கரம். அது சுற்றும்போது பச்சை மெழுகுக் கட்டியை அதில் தேய்த்து, பித்தளையைக் காட்ட வேண்டும். கப்பல் மணி, சன்னல் வளையம், படிக் குழாய், எது வந்தாலும் சரி. துணி கருகுகிற வாசமும் மெழுகு வாசமும் கலந்து ஒரு நெடி வரும். சாப்பிடும் சோற்றில்கூட அந்த நெடி அடிக்கும். சாயந்தரம் பார்த்தால் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளை. ஆனால் கையில் இருக்கிற மணியோ சூரியனைப் பிடுங்கி வைத்த மாதிரி இருக்கும். பட்டறையில் எனக்கு மினுக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேருக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது எனக்கும் தெரியும். நான் தொழில் சம்பந்தப்பட்ட அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஃபோர்மன் கோவிந்தசாமி. ஒல்லியான ஆள். சத்தம் போட மாட்டார். அவர் பேசாமல் பார்த்தாலே சக்கரம் தானாக நின்றுவிடும். அவருக்கு உலகத்தில் இரண்டே பிடிப்பு. ஒன்று செம்பவாங் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், தூண்டில் போடுவது, இன்னொன்று அவர் மகள் தனம். எனக்கு முதலாவதில் அவ்வளவாக நாட்டமில்லை.

தனம் மதியச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் கொடுப்பாள். அந்த நேரம் பார்த்து எனக்கும் வாசல் பக்கம் ஒரு வேலை வந்துவிடும். பட்டறையில் எல்லாரும் கோவிந்தசாமியை அண்ணே அண்ணே என்பார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. அவர் எனக்கு அண்ணன் ஆகிவிட்டால் தனம் எனக்கு என்ன முறை ஆவாள்? மகள் முறை. அப்புறம் என் பிழைப்பு என்னாவது? மாமா என்று கூப்பிடத் தைரியம் இல்லை, அண்ணே என்று கூப்பிட மனசு இல்லை. அதனால் ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பட்டறையிலேயே நான்தான் மரியாதை தெரிந்த பிள்ளை என்று அவர் நினைத்திருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அந்த வருஷம் ஒரு பேச்சு காதில் விழுந்தது. தனத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பையன் ஏதோ ஆபீஸில் கிளார்க்கு, வெள்ளைச் சட்டை, இங்கிலீஷ் படிப்பு. ஆயுத பூஜை கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். ஃபோர்மன் தன் கையால் பிடித்த கொடுவா மீனைக் குழம்பு வைத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் அவர் கண்ணில் நான் பட்டாக வேண்டும். என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லாச் சாமான்களையும் துடைத்து, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவோம். சுத்தியல், ரம்பம், ஸ்பேனர் எல்லாம் அன்றைக்கு ஓய்வு. சீனக் கூட்டாளிகள்கூடச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பொரிகடலைக்கு நிற்பார்கள். அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஃபோர்மன் அலமாரிக்குள் ஒரு பிஸ்கட் தகரம் கண்ணில் பட்டது. வேலை முடிந்து நேரே ஜெட்டிக்குப் போகிறவர் என்பதால் மீன்பிடிச் சாமான்களை அங்கேயே வைத்திருந்தார். திறந்து பார்த்தால் ஒரு பிளையர், ஒரு கத்தி, ஒரு கத்தரி. தகரத்துக்குப் பக்கத்தில் மீனை மேலே தூக்குகிற நீளக் கொக்கி. அத்தனையும் கறுப்பு. இவ்வளவு பெரிய பாலிஷ் பிரிவை நடத்துகிற மனுஷனுடைய ஆயுதம் இப்படிக் கரிப்பிடித்துக் கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் என்ன, சக்கரத்தைப் போட்டேன். நண்பரே, பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வேலை மாதிரி ஒரு வேலையை நான் அப்புறம் செய்யவே இல்லை. பிளையரின் பல்லுக்குள்ளே புகுந்து தேய்த்தேன். கொக்கி வளைவில் ஒரு புள்ளி விடவில்லை. கடைசியில் எடுத்துப் பார்த்தால் இரும்பா வெள்ளியா என்று சந்தேகம் வருகிறது. தட்டில் வாழையிலை போட்டு, நடுவில் வைத்து, பொட்டு வைத்தேன். மற்ற சாமான்களெல்லாம் அதற்குப் பக்கத்தில் வேலைக்காரர்கள் போல நின்றன.

ஃபோர்மன் வந்தார். சாமியைக் கும்பிட்டார். தட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார் வேலை இது?"

"நான்தான் ஐயா."

"நல்லா இருக்கு தம்பி" என்றார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "நல்லாவே இருக்கு" என்றார்.

கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு மனுஷன் வேறு என்ன சொல்லுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு தடவை நல்லா இருக்கு என்று சொன்னதை நான் பட்டறை முழுக்கச் சொல்லிவைத்தேன். கிளார்க்கு கதை முடிந்தது என்று மனசுக்குள் கணக்குப் போட்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் ஜெட்டிக்குப் போனேன். பாராட்டின் பாக்கியை வாங்கிக்கொள்ளலாம் என்று. புதுச் சட்டை, மினுமினுக்கிற நைலான். ஃபோர்மன் கழுத்தில் கயிறு போட்டுப் பிளையரைத் தொங்கவிட்டிருந்தார். அவர் குனிந்தால் ஒரு மின்னல், நிமிர்ந்தால் ஒரு மின்னல். தண்ணீரில் வெளிச்சத் துண்டு ஒன்று அங்கும் இங்கும் ஓடியது. பக்கத்தில் எப்போதும் தூண்டில் போடுகிற ஹாஷிம் என்ற மலாய்க்காரர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"மாத்தா சிலாவ் லா, கோவிந்தா."

கண் கூசுகிறது என்று அர்த்தம். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. ஃபோர்மன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிளையரைச் சுற்றிக்கொண்டார். குளிர்ந்த காலையில் இரும்புக்கு எதற்குத் துண்டு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறின பிறகு கம்பு வளைந்தது. நல்ல கொடுவா. இழுத்து, விட்டு, இழுத்து, அதைக் களைக்க வைத்துத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். மீன் மேலாகத் தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. "தம்பி, கொக்கி" என்றார். என் நேரம் வந்தது என்று கொக்கியை எடுத்து நீட்டினேன். சூரியன் அதன்மேல் விழுந்தது. எனக்கே கண் இருண்டுபோனது. அந்த மீன், செத்தது போல மிதந்த மீன், வாலை ஒரு அடி அடித்துத் திரும்பித் தூணுக்குள் பாய்ந்தது. தூணில் ஒட்டியிருந்த சிப்பி தூண்டில் நரம்பை அறுத்துவிட்டது.

ஹாஷிம்தான் முதலில் வாயைத் திறந்தார். "இக்கான் பூன் சிலாவ் லா." மீனுக்கும் கண் கூசுகிறதாம்.

ஃபோர்மன் அறுந்த நரம்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "கொளுத்துற வெயில்ல உன் மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் கண்ணாடியக் காட்டினா நீ கிட்ட வருவியா?"

"வரமாட்டேன் ஐயா."

"கறுப்பா இருந்துச்சே, ஏன் கறுப்பா இருக்குன்னு கேட்டிருக்கலாம்ல?"

கேட்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

"அந்தக் கறுப்ப ஏத்தினது என் மக. வீட்டுக்கு வா. அவகிட்ட நீயே சொல்லு."

பட்டறைக் குடியிருப்பில் அவர் வீடு. வழியில் சந்தையில் ஏதோ ஒரு மீனை வாங்கிக்கொண்டு, அதைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நடந்தார். பின்வாசலில் தனம் நின்றாள். அவள் பார்வை முதலில் போனது அப்பா கழுத்துக்கு.

"யாரு இத மினுக்கினது?"

"நான்தாங்க" என்றேன். அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "சும்மா சொல்லக் கூடாது, பாருங்க, மூஞ்சி தெரியும்."

வாங்கிப் பார்த்தாள். "மூக்கு பெருசாத் தெரியுது" என்றாள். அப்புறம், "மாசக்கணக்கா தே-ஓல ஊறப்போட்டு ஏத்தின கறுப்பு. கேக்காம எடுத்துத் தேச்சிருக்கீங்க. கூச்சமா இல்ல?"

"அதாங்க, மீனுக்குக் கூச்சமா இருக்கும்னு எனக்கு இப்பத்தான்..."

"நான் மீனக் கேக்கல. உங்களைக் கேட்டேன்."

கண் கூசுவதற்கும் வெட்கப்படுவதற்கும் தமிழில் ஏன்தான் ஒரே சொல்லை வைத்தார்களோ.

அதற்குள் வாசல் பக்கம் கார் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். தனம் அவசர அவசரமாக ஒரு வாளி வெந்நீர், சவுக்காரம், ஒரு உப்புத்தாள் எல்லாவற்றையும் என் முன்னால் வைத்தாள். முதலில் மெழுகுப் பிசுக்கு போகக் கழுவணும். அப்புறம் உப்புத்தாளை நனைத்து, பளபளப்பு சாகிற வரைக்கும் ஒரே பக்கமாகத் தேய்க்கணும். அப்புறம் அடுப்படியில் இருக்கிற பால் தகரத்தில் போடணும். அதில் தேயிலைச் சக்கையைக் கொதிக்க வைத்து, கொஞ்சம் வினிகர் விட்டு, மை மாதிரி வைத்திருந்தாள். இரும்பு அதைக் குடித்துக் குடித்துக் கறுக்கும். எடுத்துத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினால் துருவும் ஏறாது.

"இதைவிட லேசா ஒரு வழி இருக்குங்க, எங்க பட்டறையில..."

"பேசாம தேயுங்க. நீங்க பேசினா திரும்பப் பாலிஷ் ஏறிடும்."

புது நைலான் சட்டையோடு பின்கட்டில் குந்தி உட்கார்ந்து, நான் பிறப்பித்த பளபளப்பை நானே கொன்றேன். அந்த வலி உங்களுக்குப் புரியாது. கூடத்திலிருந்து கிளார்க்கின் குரல் வந்தது. அடுத்த பதவி உயர்வு தனக்குத்தானாம். தன்னைக் கேட்காமல் ஆபீஸில் ஒரு காகிதம் நகராதாம். தன் பாஸே தன்னிடம்தான் இங்கிலீஷ் சரிபார்க்கிறாராம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மனுஷன் தன்னைப் பற்றித் தானே இப்படியா பேசுவான்? கேட்கிறவர்களுக்குச் சலிக்காதா?

தனம் பலகாரத் தட்டை உள்ளே கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்னங்க?"

"கையில தங்கக் கடிகாரம். சன்னல் வெயில் அதுல பட்டு நேரா என் கண்ணுல அடிக்குது. கையைக் கீழ வைக்கவே மாட்டேங்கிறாரு." தகரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னை. கை, முழங்கை, புதுச்சட்டை, மூக்கு நுனி, எல்லாம் கரி. நான் வாயைத் திறக்கவில்லை. பாலிஷ் ஏறிவிடும் என்ற பயம்தான். "இப்பத்தான் நீங்க பாக்கிற மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்கள். ஃபோர்மன் பின்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் குந்தினார். தகரத்திலிருந்து பிளையரை எடுத்துப் பார்த்தார்.

"இதுக்கு நல்ல தமிழ்ல என்ன பேரு தெரியுமா? குறடு. நீ பள்ளிக்கூடத்துல அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கமாட்ட." அப்புறம் மகளிடம் கேட்டார். "கறுப்பு ஏறுதாம்மா?"

"இது முதல் ஊறல்தானேப்பா. மினுக்கம் உள்ள வரைக்கும் இருக்கு. விடாம போட்டுக்கிட்டே இருக்கணும்."

"யாரு போடறது?"

"நான்தான் போடணும். வேற யாரு இருக்கா?"

பிளையரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மன் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் அண்ணேங்கிறான். நீ மட்டும் ஏன்டா ஐயாங்கிற?"

"மரியாதைக்குத்தான் ஐயா."

"இனிமே ஐயா வேணாம்."

"அண்ணேன்னு கூப்பிடவா?"

"அப்படிக் கூப்பிட்டா எம் மக உன்கூடப் பேசமாட்டா" என்றார்.

கேட்டீர்களா? கிளார்க்கைத் தோற்கடித்தது யார்? நான். எப்படி? மீனை விரட்டி. திட்டம் போட்டுச் செய்ததாகத்தான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆயுத பூஜை. என் பட்டறையில் ஒவ்வொரு சாமானும் அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். மாமாவின் குறடும் கொக்கியும் மட்டும் தட்டின் ஓரத்தில் கறுப்பாகவே உட்கார்ந்து பொட்டு வாங்கிக்கொள்ளும். தனம் என்னை அவற்றின் பக்கத்தில் அண்டவிடமாட்டாள். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு வாங்கின பிறகும் அடுப்படி சன்னலோரம் அந்தப் பால் தகரம் இருந்தது. வீடு முழுக்க லேசாக இரும்பும் தேயிலையும் கலந்த வாசம். விருந்தாளி யாராவது தேத்தண்ணி என்று நினைத்து எடுத்துக் குடித்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு எப்போதும் பயம்.

விருந்தாளிகள் வந்தால் நான் ஆரம்பிப்பேன். நாலாம் வகுப்பு, துணிச்சக்கரம், நகைக்கடை வாசல், வரிசையாக வரும். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் கேட்கும். "ஏங்க, தே-ஓ ஆறுது." கோப்பையில் தே-ஓ அப்போதுதான் கொதிக்கக் கொதிக்க வந்திருக்கும். விருந்தாளிக்கு ஒன்றும் புரியாது. எனக்குப் புரியும். போதும், மின்னுகிறீர்கள் என்று அர்த்தம். உடனே பேச்சை மாற்றி அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன். சில விருந்தாளிகள் திரும்பத் திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு நான்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது செம்பவாங் பட்டறையில் துணிச்சக்கரம் இல்லை, குடியிருப்பு வீடுகள் இருந்த இடத்தில் உயர உயரமாக வேறு வீடுகள். ஜெட்டி இருக்கிறது. கண் கூசுகிறது என்று சொல்ல ஹாஷிம் இல்லை, மாமாவும் இல்லை. தனமும் போன பிறகு பால் தகரம் எங்கே போனதென்று தெரியவில்லை. மருமகள் ஏதோ அழுக்கென்று தூக்கிப் போட்டிருப்பாள், அவளைக் குறை சொல்ல முடியாது. மாமாவின் குறடு மட்டும் என் பையில் இருக்கிறது. பிடிக்கிற இடத்தில் கறுப்பு தேய்ந்து, உள்ளே நான் போட்ட பழைய பாலிஷ் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. குமார் வாங்கி வந்ததோ ஜென்மத்துக்கும் வெளுக்காதாம். யாரும் ஊறப்போட வேண்டியதில்லையாம்.

இதையெல்லாம் அன்றைக்குத் தேக்காவில் உட்கார்ந்து குமாரிடமும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றுகூட விடாமல், நகைக்கடை வாசலோடு சேர்த்து. அவன் தலையாட்டிக்கொண்டே கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. நான் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். தே-ஓ நிஜமாகவே ஆறிப்போயிருந்தது. ஒருத்தரும் சொல்லவில்லை.